அண்ணன் பண்ணிக்கிட்ட ஆஞ்சியோ

எனக்கு முதல்ல வலிச்சது நெஞ்சு இல்ல, தாடை. சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. பௌர்ணமிக்கு மலை சுத்திக்கிட்டு அடி அண்ணாமலை தாண்டி வர்றேன், இடது பக்கம் கடவாப்பல்லுக்குக் கீழ யாரோ கட்டை விரல வெச்சு அழுத்தற மாதிரி வலி. அப்படியே தோள்பட்டைக்கு எறங்கி, கை மரத்துப் போச்சு. கூட்டத்துல நின்னா மிதிச்சுட்டுப் போயிடுவாங்கன்னு ஒரு கடை ஓரமா ஒக்காந்து பன்னீர் சோடா வாங்கிக் குடிச்சேன். பெருசா ஒரு ஏப்பம் வந்துச்சு. வலியும் போச்சு. "பாத்தீங்களா, வாயுதான்"னு எங்க வீட்டுக்காரர்கிட்ட ஜெயிச்ச மாதிரி சொன்னேன். வலி போனது சோடாவால இல்ல, நான் ஒக்காந்ததாலன்னு பின்னாடி டாக்டர் சொல்லித்தான் தெரிஞ்சுது. நடக்கறப்போ இதயத்துக்கு ரத்தம் ஜாஸ்தி வேணும். குழாய் அடைச்சிருந்தா பத்தாது, அப்ப அது கத்தும். ஒக்காந்தா கம்மியா போதும், அடங்கிடும். அந்தக் கத்தல் நெஞ்சுலதான் கேக்கணும்னு ஒண்ணும் சட்டம் இல்லயாம்.

என் பேரு செல்வி. டெய்லர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ரெண்டு மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தின்னு அந்தத் தெருவுக்கே தெரியும். தீபாவளிக்குப் பெருத்துட்டு வந்து, நான் அளவெடுத்தது தப்புன்னு சொல்றவங்கள நான் சும்மா விட்டதே இல்ல. சக்கரை இருக்கு. மாத்திரை போடறேன், போடாத நாளும் உண்டு. எங்க வீட்டுக்காரர் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. பேச வேண்டியதையெல்லாம் பஸ்லயே பேசித் தீத்துட்டாரு போல, வீட்ல பேச்சே கிடையாது. ஒரே மக கவிதா, சென்னையில டீச்சரா இருக்கா.

தாடை வலி விட்ட பாடில்ல. கடைக்கு மாடிப்படி ஏறினா வரும், துணி மூட்டையைத் தூக்கினா வரும். சரி, பல்ல புடுங்கிடலாம்னு பல் டாக்டர்கிட்ட போனேன். சின்ன வயசுக்காரர். டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, "பல்லு நல்லா இருக்கேம்மா"ன்னாரு. நான் விடல. புடுங்குங்க, காசு குடுக்கறேன்னு சண்டை போட்டேன். அவரு நிதானமா, "நடந்தா வலிக்குதா?"ன்னாரு. ஆமான்னேன். "ஒக்காந்தா?" போயிடுதுன்னேன். அவரு முகம் மாறிப் போச்சு. "பல்லு வலிக்கு நீங்க நடக்கறது ஒக்கார்றதெல்லாம் தெரியாதும்மா. மொதல்ல போய் ஈசிஜி எடுங்க. நாளைக்கு இல்ல, இப்பவே." பல்லு காட்டப் போனவ இதயத்தக் காட்ட ஓடினேன். அன்னிக்குப் புடிச்ச பயம், இன்னும் முழுசா எறங்கல.

ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்துட்டு, "ஆஞ்சியோ பண்ணிப் பாக்கணும்"னு சென்னைக்கு அனுப்பிட்டாங்க. கவிதா வீட்டுக்குப் பக்கத்துல பெரிய ஆஸ்பத்திரி. காப்பீட்டு அட்டை இருந்துச்சு, மீதிய கவிதா பாத்துக்கிட்டா. காசு பத்தி என்கிட்ட யாரும் பேசக்கூடாதுன்னு கண்டிஷனா சொல்லிட்டா. அந்த வெயிட்டிங் ஹால்ல ஒக்காந்திருக்கறவங்க ஒருத்தரும் ஒருத்தர் முகத்தப் பாக்கறதில்ல. எல்லாரும் அந்தக் கதவையே பாக்கறாங்க. பேரு கூப்பிட்டா ஒரு குடும்பமே எழுந்து நிக்குது. என் பேரக் கூப்பிட்டப்போ எங்க வீட்டுக்காரர்தான் கக்கத்துல கை குடுத்துத் தூக்கிவிட்டாரு.

மயக்கம் குடுக்கல. மணிக்கட்ட மட்டும் மரத்துப் போக வெச்சு, அங்க ஒரு ஓட்டை போட்டு, நூலு கணக்கா ஒரு குழாய இதயம் வரைக்கும் விட்டாங்க. அது வழியா ஒரு சாயம் விடறாங்க. சாயம் ஓடற எடம் டிவியில கறுப்பா தெரியும், அடைச்ச எடத்துல மெலிஞ்சு போகும், இல்ல நின்னுடும். நானே பாத்தேன். என் இதயம் அதுபாட்டுக்கு டிவியில ஆடுது, நான் கீழ படுத்துக்கிட்டுப் பாக்கறேன். இதெல்லாம் பாக்கறதுக்கா பொறந்தேன்னு இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல குழாய உருவிட்டு, மணிக்கட்டுல ஒரு பட்டை கட்டி அனுப்பிட்டாங்க.

டாக்டர் எங்க மூணு பேரையும் ஒக்கார வெச்சு சொன்னாரு. "இதயத்துக்கு ரத்தம் குடுக்கற முக்கியமான குழாய் மூணு. உங்களுக்கு ஒண்ணு முழுசா மூடியிருக்கு. மத்த ரெண்டுலயும் நீளத்துக்கு அங்கங்க அடைப்பு. ரெண்டு வழி இருக்கும்மா. ஒண்ணு ஸ்டென்ட். இப்ப விட்ட மாதிரியே குழாய விட்டு, அடைச்ச எடத்துல பலூன ஊதி, வலை மாதிரி ஒரு சின்ன ஸ்பிரிங்க அங்கயே வெச்சுட்டு வந்துடுவோம். நெஞ்சத் தொறக்க வேணாம். சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம். இன்னொண்ணு பைபாஸ். கால்லயும் நெஞ்சுக்குள்ளயும் இருந்து ரத்தக் குழாய எடுத்து, அடைப்பத் தாண்டிப் புதுசா வழி போடறது. பெரிய ஆபரேஷன். தேற மாசக்கணக்குல ஆகும்."

"நீங்க எது சொல்றீங்க சார்?"ன்னா கவிதா.

"அம்மாவுக்கு சக்கரை இருக்கு, மூணு குழாய்லயும் அடைப்பு. இந்த மாதிரி ஆளுங்களுக்கு ஸ்டென்ட் வெச்சா மறுபடி அடைக்கிற வாய்ப்பு ஜாஸ்தி. பைபாஸ்தான் ரொம்ப நாளைக்குத் தாங்கும். அதுலயும் ஆபத்தே இல்லன்னு சொல்ல மாட்டேன். வீட்ல பேசி முடிவு பண்ணிட்டு வாங்க. ஆனா தள்ளிப் போடாதீங்க."

எனக்கு அதுல ஒரே ஒரு வார்த்தைதான் காதுல விழுந்துச்சு. நெஞ்சத் தொறக்கறது. துணி வெட்டற கை என்னுது. கத்திரி எறங்கினா துணி பழையபடி ஆகாதுன்னு எனக்குத் தெரியும். ஊருக்கு வர்ற வழியெல்லாம் பஸ்ல நெஞ்சு மேல கைய வெச்சுக்கிட்டே வந்தேன், இப்பவே யாரோ தொறக்கப் போற மாதிரி.

ஊர்ல ஆளாளுக்கு டாக்டர் ஆயிட்டாங்க. பூண்டு சாப்பிடுன்னு ஒருத்தி, மருதம்பட்டைக் கஷாயம்னு ஒருத்தி. எங்க வீட்டுக்காரர் கோயில்ல பூ கட்டிப் பாக்கலாமான்னு மெதுவா கேட்டாரு. வெள்ளைப்பூ வந்தா ஸ்டென்ட்டு, செவப்பு வந்தா பைபாஸ். "ஏங்க, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கறீங்களா? பைபாஸ் வந்துட்டா என்ன பண்ணுவீங்க, மறுபடி கட்டுவீங்களா?"ன்னு கத்தினேன். அதோட விட்டுட்டாரு. ஆனா உள்ளுக்குள்ள நானும் வெள்ளைப்பூவத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்.

அப்பத்தான் எங்கண்ணன் வந்துச்சு. கீழ்பென்னாத்தூர்ல மல்லாட்டை வியாபாரம், அதான் வேர்க்கடலை. எனக்கு ஒரே அண்ணன், அது கிழிச்ச கோட்ட நான் தாண்டினதில்ல. எனக்குப் பேரன் வர்ற வயசாச்சு, இன்னும் என்னைப் "பாப்பா"ன்னுதான் கூப்பிடும். ஒரு பை நெறைய மல்லாட்டைய வெச்சுட்டு, மூச்சு வாங்கிக்கிட்டே நாற்காலியில ஒக்காந்துச்சு.

"எத்தினி அடைப்பு பாப்பா?"

"மூணாம்ணா."

"அவ்ளோதானா? எனக்கும் மூணுதான். ஆஞ்சியோ பண்ணாங்க. ந்தா பாரு"ன்னு சட்டைக் கையை ஏத்தி மணிக்கட்டக் காட்டுச்சு. பொட்டு மாதிரி ஒரு தழும்பு. "மறுநாளே பஸ் ஏறி வந்துட்டேன். வருஷம் எத்தினி ஆச்சு, நான் குத்துக்கல்லாட்டம் இல்ல? நெஞ்சப் பொளக்கற வேலையெல்லாம் நமக்கெதுக்கு?"

எனக்கு உயிரே திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. கவிதாவுக்கு போன் போட்டு ஸ்டென்ட்டுதான்னு சொல்லிட்டேன். "டாக்டர் அவ்ளோ சொல்றாரு, நீ மாமா பேச்சக் கேக்கறியேம்மா"ன்னு அழுதா. "டாக்டர் சொல்றது வாய்ப்பு. எங்கண்ணன் நேர்ல நிக்குதுடி. இத விட என்ன சாட்சி வேணும் உனக்கு?"ன்னு போன வெச்சுட்டேன். அந்த வாரம் பூரா அண்ணனோட மணிக்கட்ட நெனச்சுக்கிட்டேதான் தூங்கினேன்.

அட்மிட் ஆனப்போ அண்ணனும் கூட வந்துச்சு. மறுநாள் ஸ்டென்ட்டு. சாயங்காலம் டாக்டர் வந்தாரு. "யோசிச்சுட்டீங்களாம்மா? பைபாஸ்தான் நல்லதுன்னு திரும்பவும் சொல்றேன். வேணாம்னா, உங்க இஷ்டம்"ன்னாரு. நான் பதில் சொல்றதுக்குள்ள அண்ணன் முன்னாடி வந்து நின்னுச்சு.

"பயப்பட ஒண்ணுமில்ல சார். எனக்கும் மூணு அடைப்புதான். ஆஞ்சியோ பண்ணிக்கிட்டு ஜம்முனு இருக்கேன்."

"அப்படியா? எத்தனை ஸ்டென்ட் வெச்சாங்க?"

"ஸ்டென்ட்டா?" அண்ணன் என்னைப் பாத்துச்சு. "ஆஞ்சியோ சார்."

"ரத்தம் ஒறையாம இருக்க என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"அதெல்லாம் ஆரம்பத்துல குடுத்தாங்க. நல்லாதான இருக்கோம்னு நிறுத்திட்டேன்."

டாக்டர் ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டு, அண்ணன ஒக்கார சொன்னாரு. டாக்டரே நாற்காலி போட்டா நல்ல சேதி இல்லன்னு அதுக்குள்ள நான் கத்துக்கிட்டிருந்தேன்.

"பெரியவரே, ஆஞ்சியோன்னு ரெண்டு இருக்கு. ஆஞ்சியோகிராம்னா குழாய விட்டு, அடைப்பு எங்க இருக்குன்னு பாக்கறது. ஆஞ்சியோபிளாஸ்டின்னா அத சரி பண்ணி ஸ்டென்ட் வெக்கறது. ரெண்டுக்கும் கையில ஒரே ஓட்டைதான். ஸ்டென்ட் வெச்சிருந்தா உங்களுக்குக் கண்டிப்பா சொல்லியிருப்பாங்க. உங்களுக்குப் பாத்திருக்காங்க. பாத்துட்டுக் குழாய வெளிய எடுத்துட்டாங்க. சரி பண்ணலைங்க."

அண்ணன் தன்னோட மணிக்கட்டப் பாத்துச்சு. நானும் பாத்தேன். அந்தப் பொட்டுத் தழும்பு, எனக்கு டெஸ்ட் பண்ணப்போ வந்துச்சே, அதே அளவு, அதே எடம். ஜாக்கெட்டுல கால் இஞ்சு வித்தியாசத்தத் தூரத்துல இருந்தே கண்டுபுடிக்கறவ, இது எனக்கு உறைக்கவே இல்ல.

டாக்டர் போனதும் கேட்டேன். "ஏண்ணா, அப்ப டாக்டர் உன்கிட்ட என்னதான் சொன்னாங்க?"

"பைபாஸ் பண்ணணும்னாங்க." குரல் கீழ எறங்கிப் போச்சு. "வீட்ல கேட்டுட்டு வரேன்னு வந்தேன் பாப்பா. வீட்ல யாருகிட்டயும் கேக்கல. காசு புடுங்கப் பாக்கறாங்கன்னு நானே சொல்லிக்கிட்டேன். பாக்கறவங்கல்லாம் ஆஞ்சியோ பண்ணியாச்சான்னு கேட்டாங்க. பண்ணியாச்சுன்னேன். அது பொய்யில்லயே. சொல்லிச் சொல்லி, குழாய் விட்டாங்க இல்ல, கொஞ்சமாவது சரி பண்ணியிருப்பாங்கன்னு எனக்கே ஆயிடுச்சு."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். பக்கத்துக் கட்டில் காரங்க எழுந்து ஒக்காந்துட்டாங்க. "பாவி! என் உயிரக் கொண்டு போய் உன் மணிக்கட்டுல கட்டித் தொங்கவிட்டனே! நாளைக்குக் காத்தால எனக்குக் குழாய் விட்டிருப்பாங்களே!" நர்ஸ் ஓடி வந்துச்சு. கோவப்படக் கூடாதும்மா, பிபி ஏறும்னு கையப் புடிச்சுது. கோவம் பாதி, பயம் பாதி. எது எதுன்னு பிரிக்கத் தெரியல. அண்ணன் தலைய குனிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அப்பத்தான் உறைச்சுது: அந்த மூணு அடைப்பும் இத்தினி வருஷமா அது நெஞ்சுக்குள்ளயே இருக்கு. மல்லாட்டைப் பையத் தூக்கிட்டு வந்து மூச்சு வாங்குச்சே, நான் வயசுன்னு நெனச்சுட்டனே. திட்டறத நிறுத்திட்டு அழ ஆரம்பிச்சேன்.

ஸ்டென்ட்டு வேணாம்னு சொல்லிட்டேன். தைரியம் வந்து சொல்லல. புடிச்சுக்கிட்டிருந்த கயிறு அறுந்து போச்சு, வேற வழியில்லாம டாக்டர் கையப் புடிச்சேன். அண்ணன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன்: "நான் வெளிய வந்ததும் நீ போய்க் காட்டணும். சத்தியம் பண்ணு." தலையில அடிச்சு சத்தியம் பண்ணுச்சு.

ஆபரேஷன் பண்றவங்க ஒரு டாக்டரம்மா. ஒல்லியா, அமைதியா இருந்தாங்க. நான் டெய்லர்னு தெரிஞ்சதும் சிரிச்சாங்க. "எந்த நூலுல மேடம் தைப்பீங்க?"ன்னேன். "குழாய் ஒட்டறது தலைமுடிய விட சன்னமான நூலுல. மேல தோலுக்கு ஒரு நூலு. நெஞ்சு எலும்புக்குக் கம்பி"ன்னாங்க. கம்பியா! எதுக்குடா கேட்டோம்னு ஆயிப்போச்சு. "பயமா இருக்கு மேடம்"னேன். "இருக்கும். இருந்துட்டுப் போகட்டும், அத நான் எறக்கச் சொல்லல"ன்னாங்க. அத்தனை பேரு பயப்படாதேன்னு சொன்னதுல வராத தெம்பு இதுல கொஞ்சம் வந்துச்சு.

ஆபரேஷன் அன்னிக்கு நகையெல்லாம் கழட்டச் சொன்னாங்க. கம்மல், வளையல் கழட்டினேன். மெட்டி சோப்பு போட்டும் வராம அடம் புடிச்சுது. கடைசியா தாலி. அதுல வெச்ச கைய எடுத்துட்டேன். கல்யாணம் ஆனதுல இருந்து கழட்டினது கிடையாது. எங்க வீட்டுக்காரர் வந்தாரு. அவரே கழட்டினாரு, என் எதிர்லயே தன் கழுத்துல மாட்டி சட்டைக்குள்ள விட்டுக்கிட்டாரு. "நீ வர்ற வரைக்கும் இங்க இருக்கட்டும்"ன்னாரு. ஆபரேஷன் முடியற வரைக்கும் பச்சைத் தண்ணி பல்லுல படாம, அத சட்டையோட சேத்துப் புடிச்சுக்கிட்டே ஒக்காந்திருந்தாராம். கவிதா அப்புறம் சொன்னா.

கண்ணு முழிச்சப்போ தொண்டையில குழாய். பேச முடியல. மூச்ச மெஷின் விடுது, நான் விடல. நான் இழுக்கறப்போ அது தள்ளுது. செத்துட்டோம், இது வேற எடம்னே நெனச்சேன். அங்க பகலும் இல்ல ராத்திரியும் இல்ல, ஒரே வெளிச்சம், எங்கயோ ஒரு மெஷின் கூவிக்கிட்டே இருக்கு. கத்தணும்னு இருக்கு, சத்தம் இல்ல. என் வாய அடைக்க இத்தினி வருஷமா ஆள் இல்ல, அந்தக் குழாய் அடைச்சுது. நர்ஸ் காதுகிட்ட வந்து, "செல்வியம்மா, ஆபரேஷன் முடிஞ்சுது, நல்லா இருக்கீங்க. கேட்டா கண்ண மூடித் தொறங்க"ன்னுது. மூடித் தொறந்தேன். தண்ணி வழிஞ்சு காதுக்குள்ள போச்சு.

குழாய எடுத்தப்புறம் இருமணும். சளி கட்டக் கூடாதாம். தலகாணிய நெஞ்சோட கட்டிப்புடிச்சுக்கிட்டு இருமச் சொல்றாங்க. ஒவ்வொரு இருமலுக்கும் அந்தக் கம்பி விட்டுக்கும்னு பயம். தும்மல் வந்தா அதுக்கு மேல பயம். கால்ல குழாய் எடுத்த எடம் நெஞ்ச விட ஜாஸ்தி எரிஞ்சுது, அத யாருமே முன்னாடி சொல்லல. பண்ணிக்கப் போறவங்க தெரிஞ்சுக்கட்டும்னு சொல்றேன்.

வார்டுக்கு மாத்தினதும் அண்ணன் பாக்க வந்துச்சு. கட்டில் பக்கத்துல நின்னு, என் கழுத்துக்குக் கீழ தெரிஞ்ச பிளாஸ்திரியையே பாத்துச்சு.

"வலிக்குதா பாப்பா?"

வலிக்கலன்னு சொல்லணும்னுதான் நெனச்சு வெச்சிருந்தேன், அது பயந்துடக் கூடாதேன்னு. வாயில வரல. "உயிர் போற மாதிரி வலிக்குதுண்ணா"ன்னேன். "ஆனா போகல."

அண்ணன் கட்டில் கம்பியப் புடிச்சுக்கிட்டு என் பக்கம் குனிஞ்சுச்சு. "சரி, நானும் பண்ணிக்கறேன்"னுச்சு.

நான் மெதுவா படி ஏறப் பழகினப்புறம் அண்ணன கூட்டிக்கிட்டு அதே டாக்டர்கிட்ட போனோம். எக்கோ எடுத்தாங்க, ஆஞ்சியோகிராமும் பண்ணாங்க. ரிப்போர்ட்ட பாத்துட்டு டாக்டர் நாற்காலிய அண்ணன் பக்கத்துல இழுத்துப் போட்டாரு.

"உங்களுக்கே தெரியாம எப்பவோ அட்டாக் வந்துட்டுப் போயிருக்கு. இதயத்துல ஒரு பக்கத் தசை வேலை செய்யல. பம்ப் பண்ற சக்தி ரொம்பக் கம்மியாயிடுச்சு. இந்த நெலமையில தொறந்தா தாங்குவீங்களான்னு எனக்கு சந்தேகமா இருக்கு. இப்போதைக்கு மருந்து தரேன். எவ்ளோ தசை உயிரோட இருக்குன்னு இன்னொரு ஸ்கேன் பாத்துட்டுத்தான் எதுவும் சொல்ல முடியும்."

"பரவால்ல சார், பைபாஸே பண்ணிடுங்க"ன்னுச்சு அண்ணன். "பாப்பாவப் பாத்துட்டேன். எனக்கு பயமெல்லாம் இல்ல. எங்க கையெழுத்துப் போடணும்?"

டாக்டர் அது தோள்ல கைய வெச்சாரு. மருந்துச் சீட்டத்தான் எழுதிக் குடுத்தாரு.

எங்க வீட்டுக்காரர் மருந்து வாங்கப் போனாரு. நாங்க ரெண்டு பேரும் வெளிய பெஞ்சில ஒக்காந்தோம். அண்ணன் மணிக்கட்டுல புதுசா பட்டை கட்டியிருந்தாங்க. அதையே தடவிக்கிட்டு இருந்துட்டு, சின்னப் புள்ள கணக்கா என்னைத் திரும்பிப் பாத்துச்சு.

"உன்கிட்ட ரெண்டுல எது வேணும்னு கேட்டாங்களே பாப்பா. என்கிட்ட ஏன் கேக்கவே இல்ல?"

இவ்ளோ வாய் பேசறவ நான். எங்க வீட்டுக்காரர் மருந்தோட திரும்பி வர்ற வரைக்கும், அது கையப் புடிச்சுக்கிட்டு சும்மா ஒக்காந்திருந்தேன்.